மீன் வயிற்றுக்குள் ஒரு வாரம்

நாள் 1: புடாபெஸ்ட்

புடாபெஸ்டில் இறங்கியவர்கள் முதலில் ஆற்றங்கரைப் பாராளுமன்றக் கட்டிடத்தைப் பார்க்கப் போவார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு நீல வாளி. அக்கா விமான நிலையத்துக்கே ரப்பர் பூட்ஸோடு வந்திருந்தார்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. கல்லூரியில் விலங்கியலில் எனக்கு இரண்டு வருடம் சீனியர். நான் பட்டத்தை வாங்கிக்கொண்டு கணக்கு எழுதும் வேலைக்குப் போய்விட்டேன். அவர் மீன் குடலை விடவில்லை. இப்போது ஹங்கேரியில் மீன் ஒட்டுண்ணிகளை ஆராய்கிறார். "ஒரு வாரம் லீவு இருக்கா? கிளம்பி வா. எனக்கு நோட்டு எழுத ஆள் இல்லை" என்று கூப்பிட்டார். ஊர் சுற்றிக் காட்டுவதாகவும் சொன்னார். அது எந்த அர்த்தத்தில் என்று அப்போது புரியவில்லை.

நோட்டைக் கையில் கொடுத்தார். மீன் பெயர், நீளம், எடை, பிடித்த இடம், உள்ளே என்ன, எத்தனை என்று கட்டங்கள். நடுவில் ஒரு குறுகிய கட்டம், அதன் தலையில் "சொ / வ". சொந்த மீனா, வந்த மீனா. அவருடைய ஆராய்ச்சியே அந்தக் குறுகிய கட்டத்தில்தான் இருக்கிறதாம்.

மதியம் நகரின் வடக்கே ரோமாய் பார்ட் என்ற கரைக்குப் போனோம். டான்யூப் அங்கே அகலமாக, அவசரமில்லாமல் போகிறது. வில்லோ மரங்கள், படகு விடுபவர்கள், பொரித்த மீன் வாசனை. நாங்கள் உட்கார்ந்தது கரையரிப்பைத் தடுக்கக் கொட்டிய கற்கள்மேல். சின்னத் தூண்டிலை அந்தக் கல் இடுக்கில் இறக்கினால் போதும், ஐந்து நிமிடத்துக்கு ஒன்று மாட்டுகிறது. விரல் நீளம், பெரிய தலை, துருத்திய கண், முதுகுத் துடுப்பில் ஒரு கறுப்புப் பொட்டு. வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து கிண்ணம்போல் ஆகியிருக்கின்றன. அதை வைத்துக் கல்லைப் பற்றிக்கொள்கிறது. நம் உளுவை மீனின் சாடை அப்படியே தெரிகிறது. உளுவைக் குடும்பம்தானாம். ஹங்கேரிக்காரர்கள் கறுப்பு வாய் உளுவை என்கிறார்கள்.

கருங்கடல், காஸ்பியன் கடல் பக்கம் இதன் பூர்வீகம். கப்பல்களோடு சேர்ந்து ஆறேறி வந்ததாக நம்புகிறார்கள். 1990-இல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவில் ஓடும் செயின்ட் கிளேர் ஆற்றிலேயே பிடிபட்டிருக்கிறது. இங்கே டான்யூபில் 2000-இல் வியன்னாவில் பார்த்தார்கள். ஆற்றின் போக்கில் வியன்னா மேலே, புடாபெஸ்ட் கீழே. ஹங்கேரிக் கரையில் பதிவானதோ அதற்கடுத்த வருடம். நீந்தி வந்திருந்தால் இந்த ஊரைத் தாண்டித்தானே போயிருக்க வேண்டும்? கப்பல் ஏறி வந்தவர்களுக்கு வழியில் இறங்க வேண்டிய அவசியமில்லை.

ஒரு தப்பு நடந்தது, என் தப்புதான். பிடித்த பத்து மீன்களை வாளியோடு வெயிலில் வைத்துவிட்டு அலைகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் ஆறு மிதக்கின்றன. அக்கா திட்டவில்லை. அது இன்னும் மோசம். "மீன் செத்துட்டா தோல்மேல இருக்கிறதெல்லாம் இறங்கிடும். உள்ளே இருக்கிறதும் இடம் மாற ஆரம்பிச்சுடும். எது எங்கே குடியிருந்துச்சுன்னு அப்புறம் சொல்ல முடியாது" என்றார். மறுபடி ஆறு பிடிக்கிற வரைக்கும் எழுந்திருக்க விடவில்லை.

நாள் 2: ஆய்வுக்கூடம்

இன்று முழுக்க ஒரு ஜன்னலோர மேசை. வெளியே புடாபெஸ்ட் இருப்பதை டிராம் சத்தத்தில் மட்டும் தெரிந்துகொண்டேன்.

வெட்டுவதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் தோலைச் சுரண்டிக் கண்ணாடித் தகட்டில் பூசிப் பார்க்க வேண்டும். பிறகு துடுப்பு, செவுள், கண். கண்ணைக்கூட விடுவதில்லை, லென்ஸுக்குள் தட்டைப்புழுக் குஞ்சுகள் குடியிருக்கும். கடைசியாகத்தான் வயிறு.

முதல் மீனின் வயிற்றைத் திறந்ததும் உள்ளே வெளிர் ஆரஞ்சு நிறத்தில் அரிசி நொறுங்குபோல ஏதேதோ. ஈரலைச் சுற்றியும் குடலின் வெளிப்பக்கத்திலும் ஒட்டிக் கிடந்தன. எண்ணினேன், 31. நுண்ணோக்கியில் ஒன்றை அழுத்தியதும் அதன் முனை பிதுங்கி வெளியே வந்தது. வரிசை வரிசையாகக் கொக்கிகள், கொக்கிகளுக்குக் கீழே ஊதிய பந்துபோல் ஒரு கழுத்து. பாம்போரிங்கஸ் என்ற முள்தலைப்புழு. கொக்கியைக் குடல் சுவரில் குத்தி இறக்கி, அந்தப் பந்தை ஊதவைத்துக்கொள்ளும். சுவரில் ஆணியடித்துப் பின்பக்கம் மடக்கிவிட்ட மாதிரி. பிடுங்க முடியாது.

இந்தப் புழு உளுவையோடு வந்ததில்லை, டான்யூபுக்கே சொந்தமானது. அதன் வழக்கமான வீடு பார்பெல் என்ற மீசைக் கெண்டையும் சப் என்ற மீனும். முட்டை ஆற்றில் விழும். அதைக் கூனி மாதிரியான குட்டி ஓட்டுடலி ஒன்று தின்னும். அதற்குள் குஞ்சு வளரும். கூனியை மீன் தின்றால் மீனின் குடலில் புழு பெரிதாகி மறுபடி முட்டையிடும். நடுவில் இந்த வந்த உளுவை புகுந்துவிட்டது. அதுவும் கூனியைத்தான் வளைத்து வளைத்துத் தின்கிறது. ஆனால் அதன் உடம்பு இந்தப் புழுவுக்குச் சரிப்படவில்லை. குடலைத் துளைத்து வெளியே வந்து, வயிற்றுக்குள் குஞ்சாகவே கூடுகட்டிக் கிடக்கிறது. வளர்வதும் இல்லை, முட்டையிடுவதும் இல்லை.

"அப்படின்னா உளுவை நல்லதுதானே பண்ணுது அக்கா? பார்பெலுக்குப் போக வேண்டிய புழுவை இது வாங்கி வெச்சுக்குது."

"அவசரப்படாதே. இந்த உளுவையைப் பெரிய மீன் ஏதாவது தின்னா? அதோட குடலுக்குள்ள 31 புழு ஒரே வாய்ல போகும்."

ஒரே மீன் பள்ளமாகவும் இருக்கலாம், பாலமாகவும் இருக்கலாம். எது எங்கே என்பது அந்தந்த ஆற்றில் யார் யாரைத் தின்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. நான் எதிர்பார்த்து வந்த கதை, வந்தேறி மீன் புது நோயைக் கொண்டுவந்து சொந்த மீனைக் கொல்கிறது என்பது. அந்தக் கதையும் உண்டு. ஆனால் பல வந்த மீன்கள் பாதி மூட்டையை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் கிளம்புகின்றன. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் 26 வகை உயிரினங்களை எடுத்துக்கொண்டு, சொந்த ஊரில் எத்தனை வகை ஒட்டுண்ணி, போன ஊரில் எத்தனை என்று ஒப்பிட்டார்கள். போன ஊரில் ஏறக்குறைய பாதிதான். சின்னக் கூட்டமாகப் போகிறவர்களுக்குள் எல்லா ஒட்டுண்ணியும் இருக்காது. இருந்தாலும் நடுவில் தங்க வேண்டிய நத்தையோ கூனியோ புது ஊரில் இருக்காது. சங்கிலி அறுந்துவிடும். மிச்ச இடத்தை உள்ளூர்ப் புழுக்கள் மெல்ல நிரப்புகின்றன. அதைத்தான் இன்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

கூனியைப் பற்றி ஒரு விஷயம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சாதாரணமாகக் கூனி வெளிச்சத்துக்குப் பயந்து கல்லடியில் ஒளியும். இந்தப் புழுவின் குஞ்சு உள்ளே முற்றியதும் அது வெளிச்சத்தைத் தேடி வெளியே வர ஆரம்பிக்கிறது. மீன் கண்ணில் பட வேண்டுமே, அதற்குத்தான். மேலே ஓட்டின் வழியாக ஆரஞ்சுப் பொட்டு வேறு தெரியும். பிரான்ஸில் சோதித்துப் பார்த்தார்கள். உள்ளூர்க் கூனியை இப்படி ஆட்டிவைக்கும் புழுவால், வெளியிலிருந்து வந்து குடியேறிய இன்னொரு வகைக் கூனியை ஆட்டிவைக்க முடியவில்லை. மந்திரம் பழகிய காதுக்குத்தான் கேட்கும்போல.

மாலையில் கிளம்பும்போது அக்கா ஒரு கூட்டைப் பிளந்து காட்டினார், இன்னொரு விஷயத்தைச் சொல்வதற்காக. ரைன் ஆற்றின் உளுவைகளில், முள்தலைப்புழுவின் இதே கூட்டுக்குள் வேறொரு புழுவின் குஞ்சு உயிரோடு பதுங்கியிருப்பதை 2014-இல் எழுதினார்கள். உளுவையின் உடம்பு தன்னைத் தாக்காமல் இருக்க, ஏற்கெனவே கட்டிய கூட்டுக்குள் புகுந்துகொள்கிறது. அந்த இரண்டாவது புழு விலாங்கு மீனுடையது.

"நாளைக்கு அதைப் பார்க்கத்தான் போறோம்."

நாள் 3: ஷியோஃபோக்

டெலி நிலையத்தில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பாலாட்டன் ஏரி. தண்டவாளம் ஏரியை ஒட்டியே ஓடுகிறது. ஜன்னலுக்கு வெளியே திடீரென்று பால் கலந்த பச்சை நிறத்தில் கரை தெரியாத தண்ணீர். கிட்டத்தட்ட 600 சதுர கிலோமீட்டர். ஆனால் சராசரி ஆழம் மூன்று மீட்டர் சொச்சம்தான். தென்கரையில் இறங்கி நடந்தேன். நூறு அடி தாண்டியும் தண்ணீர் இடுப்புக்கு வரவில்லை. ஏரி என்பதைவிட ஒரு பிரம்மாண்டமான தாம்பாளம் என்பதுதான் சரி.

கரையில் எல்லோரும் வரிசையில் நின்று "ஹெக்" வாங்கிச் சாப்பிடுகிறார்கள். பாலாட்டனுக்குப் போனால் ஹெக் சாப்பிடாமல் வரக்கூடாதாம். நானும் வாங்கினேன். மொறுமொறுவென்று அருமையாக இருந்தது. ஏரி மீன் என்று நினைத்துப் பாதி தின்ற பிறகு, அது உறையவைத்து இறக்குமதியாகும் கடல் மீன் என்று அக்கா சொன்னார். நோட்டை எடுத்து "வ" போடட்டுமா என்றேன்.

சாப்பிட்டுவிட்டு மதகைப் பார்க்கப் போனோம். ஏரிக்கு வெளியேறும் வழி இது ஒன்றுதான். ஷியோ கால்வாய் இங்கே கிளம்பி டான்யூபுக்குப் போகிறது. ரயில் பாதையை வெள்ளத்திலிருந்து காக்க 1863-இல் இங்கே முதல் மதகைக் கட்டி ஏரி மட்டத்தைத் தாழ்த்தினார்கள். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து பார்த்தால் மேலே அசையாத தண்ணீர், கீழே ஒடுங்கிய கால்வாய், நடுவில் இரும்புக் கதவு.

இந்த இடத்தில் நின்றுதான் அக்கா விலாங்குக் கதையை ஆரம்பித்தார்.

பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று விலாங்கைச் சொல்வோம். ஐரோப்பிய விலாங்கு கடலுக்கு ஒரு முகம், ஆற்றுக்கு ஒரு முகம் காட்டுகிறது. அட்லாண்டிக் நடுவில் சர்காசோ கடலில் பிறக்கிறது. இலைபோல் தட்டையான குஞ்சாக நீரோட்டத்தில் மிதந்து ஐரோப்பியக் கரைக்கு வந்து, கண்ணாடி நூல்போல மாறி ஆறுகளில் ஏறுகிறது. நன்னீரில் பல வருடம் வளர்கிறது. முதிர்ந்ததும் வயிறு வெள்ளியாகிறது, கண் பெரிதாகிறது, தின்பதை நிறுத்திவிட்டு 5,000 கிலோமீட்டருக்கு மேல் நீந்திப் பிறந்த கடலுக்குப் போய் முட்டையிட்டுச் சாகிறது.

இந்த ஏரியில் விலாங்குக் கூட்டம் தானாக வந்து சேரவில்லை. ஏற்றுமதிக்கு நல்ல விலை போகும் என்று 1961-இலிருந்து கண்ணாடிக் குஞ்சுகளை வாங்கிவந்து கொட்டினார்கள். முப்பது வருடம் கொட்டினார்கள். ஏரியில் தீனிக்குப் பஞ்சமில்லை, நன்றாகவே வளர்ந்தன. முதிர்ந்தவை கடலைத் தேடிக் கிளம்பி இந்த மதகுக்கு வந்து நிற்கும்.

நாள் 4: திஹான்

காலையில் சான்டோட் துறையில் படகு ஏறினோம். ஏரி அந்த இடத்தில் ஒன்றரை கிலோமீட்டருக்குச் சுருங்குகிறது; பத்து நிமிடத்தில் எதிர்க்கரை. மேட்டில் இரட்டைக் கோபுர மடாலயம். ஹங்கேரி மொழிச் சொற்களுக்குக் கிடைக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று அதன் 1055-ஆம் ஆண்டு சாசனம். லாவண்டர் வாசம், பீங்கான் கடைகள், கூட்டம். நாங்கள் மேட்டை ஏறாமல் கரையோரமாகவே நடந்தோம். 1927-இல் தொடங்கிய ஏரி ஆராய்ச்சி நிலையம் அங்கே மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. அதன் வேலி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து மீதிக் கதை.

1991 கோடை. பாலாட்டன் கரையில் செத்த விலாங்குகள் ஒதுங்க ஆரம்பித்தன. ஒன்று இரண்டல்ல, நூற்றுக்கணக்கான டன். சுற்றுலாதான் இந்தக் கரையின் பிழைப்பு. குளிக்கிற இடத்தில் அழுகிய விலாங்கு என்றால் நிலைமையை யோசித்துக்கொள்ளுங்கள். முதல் சந்தேகம் கொசு ஒழிக்கத் தெளித்த பூச்சிமருந்தின்மேல் விழுந்தது. நியாயமான சந்தேகம்தான். ஆனால் மற்ற மீன்கள் அந்த அளவுக்குச் சாகவில்லை. ஏன் விலாங்கு மட்டும்?

புடாபெஸ்டின் ஒட்டுண்ணி ஆய்வாளர் கால்மான் மோல்னாரும் கூட்டாளிகளும் விலாங்குகளை வெட்டிப் பார்த்தார்கள். மீன் நீரில் ஏறி இறங்க உதவும் காற்றுப்பைக்குள் கறுத்த, தடித்த உருளைப்புழுக்கள் அடைந்து கிடந்தன. பையின் சுவருக்குள்ளும் குஞ்சுகள். அங்குவில்லிகோலா கிராசஸ் என்று பெயர். கிராசஸ் என்றால் லத்தீனில் தடித்தது. 1974-இல் ஜப்பானில்தான் அதற்குப் பெயரே வைத்தார்கள்.

அதன் சொந்த வீடு கிழக்காசியாவின் ஜப்பானிய விலாங்கு. அங்கே அது ஒரு சாதாரணத் தொல்லை. பையில் சில புழு இருக்கும். உள்ளே வரும் குஞ்சுகளில் பலவற்றை மீனின் உடம்பே சுற்றி வளைத்துக் கொன்றுவிடும். இரண்டுக்கும் நெடுநாள் பழக்கம். 1980களின் தொடக்கத்தில் கிழக்காசியாவிலிருந்து உயிருள்ள விலாங்குகளை ஐரோப்பாவுக்கு வியாபாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1982-இல் ஜெர்மனியில் புழு தென்பட்டது. பத்து வருடத்துக்குள் கண்டம் முழுக்கப் பரவிவிட்டது. ஐரோப்பிய விலாங்கின் உடம்புக்கு இந்த விருந்தாளியை முன்பின் தெரியாது. தடுக்கத் தெரியவில்லை. இருக்க இடம் கொடுத்தவனிடம் படுக்கப் பாய் கேட்ட கதைதான். புழுவுக்கோ ரத்தம் தாராளமாகக் கிடைத்தது. சொந்த வீட்டில் இருந்ததைவிடப் பெரிதாக வளர்ந்தது, அதிகமாக முட்டையிட்டது.

பரவும் வழியும் சுலபம். பெண் புழு பைக்குள்ளேயே முட்டையிடும். அது காற்றுக் குழாய் வழியாகக் குடலுக்கு இறங்கி வெளியே போகும். நீரில் மிதக்கும் மிகச் சின்ன ஓட்டுடலிகள் குஞ்சைத் தின்னும். அவற்றை விலாங்கு தின்றால் நேராக வேலை முடிந்தது. வேறு சின்ன மீன் தின்றாலும் பரவாயில்லை, அதன் வயிற்றில் காத்திருக்கும், விலாங்கு வந்து அந்த மீனைத் தின்னும்வரை. அக்கா அன்று பிளந்து காட்டிய உளுவைக் கூடு நினைவுக்கு வந்தது.

ஆழமில்லாத ஏரி கோடையில் சூடாகும், சூடான நீரில் ஆக்சிஜன் குறையும். பை கெட்டு, ரத்தம் இழந்த விலாங்கு அந்தச் சூட்டைத் தாங்கவில்லை என்பது மோல்னார் தரப்பின் விளக்கம். 1995-இலும் ஒரு சாவு அலை வந்தது. பூச்சிமருந்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று வாதாடியவர்களும் விடவில்லை. என்னைக் கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும் விளக்கங்களே அல்ல. நோயாளிமேல்தான் எதுவும் முதலில் விழும். கண்ணாடிக் குஞ்சு விடுவதை 1991-உடன் நிறுத்திவிட்டார்கள்.

மாலையில் படகுத்துறையில் ஒருவர் பிடித்த பிரீம் மீனின் வயிறு ஒரு பக்கம் புடைத்திருந்தது. அக்கா அதைக் கேட்டு வாங்கினார். உள்ளே வெள்ளை ரிப்பன்போல் ஒரு நாடாப்புழு, மடிந்து மடிந்து வயிறு முழுக்க. நீட்டினால் என் முழங்கையைத் தாண்டியது. லிகுலா. சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. இந்தப் புழு மீனை மலடாக்கிவிட்டுத்தான் வளர்கிறது. கடைசியில் மீன் மேல்மட்டத்தில் தள்ளாடி நீந்தும், முக்குளிப்பானோ கடற்காகமோ கொத்திக்கொண்டு போகும். பறவையின் குடலில் சில நாளில் முட்டையிட்டு முடித்துவிடும். இத்தனைக்கும் இது ஐரோப்பாவின் பழைய புழு, பிரீமும் ஐரோப்பாவின் பழைய மீன். பழகியவர்கள் என்றால் இதமாக நடந்துகொள்வார்கள் என்று நான் மனதில் கட்டிவைத்திருந்த கணக்கு அங்கேயே சரிந்தது.

"சொ" என்று எழுதினேன். புழுவைப் படம் எடுக்க அக்கா என் கையையே ஸ்கேலாக வைக்கச் சொன்னார். இரவு சாப்பாட்டில் நூடுல்ஸ்.

நாள் 5: கெஸ்ட்ஹெய்

மழை. மாளிகை மூடியிருந்ததா திறந்திருந்ததா என்றுகூடப் பார்க்கவில்லை.

ஏரிக்கு நீர் கொண்டுவரும் ஸாலா ஆறு விழும் பக்கம் இது. அதன் வழியில் கிஷ்-பாலாட்டன் என்ற பெரிய நாணல் சதுப்பு. கொக்குகளும் நீர்க்காகங்களும் மழையிலும் நின்றுகொண்டிருந்தன. ஒரு வாய்க்காலில் வலை போட்டதில் சுண்டுவிரல் நீளத்தில் வெள்ளி மீன்கள் கிடைத்தன. சூடோரஸ்போரா. 1960களில் சீனாவிலிருந்து புல்கெண்டைக் குஞ்சு இறக்கியபோது கூடையில் தெரியாமல் கலந்து வந்த மீன். அதற்குள் ஒரு நுண்ணுயிர் இருக்கிறது, பூஞ்சையும் இல்லை விலங்கும் இல்லை என்று இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ரகம். இந்த மீனை அது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் அதே தண்ணீரில் ஐரோப்பாவின் குட்டி சன்பிளீக் மீனை விட்டால் அது முட்டையிடுவதை நிறுத்தி, செத்துப்போகிறது என்று 2005-இல் கண்டுபிடித்தார்கள். நான் எதிர்பார்த்து வந்த கதை இதுதான். ஐந்தாம் நாள் கிடைத்தது.

புல்கெண்டையும் வெறுங்கையோடு வரவில்லை. ஆசிய நாடாப்புழுவைக் குடலில் சுமந்து வந்தது. வேண்டாத களையைத் தின்னும் என்று அதை எந்தெந்த நாடுகள் வாங்கினவோ அந்தந்த நாடுகளுக்குப் புழுவும் போனது. அதற்கு வீடு பார்க்கும் பழக்கமில்லை, நூற்றுக்கணக்கான மீன் வகைகளில் இருந்து எடுத்திருக்கிறார்கள்.

ஷூ இன்னும் காயவில்லை.

நாள் 6: ஃபோன்யோட்

தென்கரைக்குத் திரும்பினோம். எதிர்க்கரையில் பாடாச்சோன் மலை, தலையைச் சீவிவிட்ட மாதிரி தட்டையாக. காலை ஏழு மணிக்கு அக்காவின் போன் அடித்தது. அவருக்குத் தெரிந்த வயதான தூண்டில்காரர் ஒருவர். இரவு ஒரு அங்கோல்னா, அதாவது விலாங்கு, மாட்டியதாம். மீன் அவருக்கு, வயிறு எங்களுக்கு என்று ஒப்பந்தம்.

ஓடினோம். உண்மையாகவே ஓடினோம்.

அவர் வீட்டு முற்றத்து மேசையில் ஈரச் சாக்கின்மேல் கிடந்தது. 94 சென்டிமீட்டர், என் மணிக்கட்டுக் கனம். முதுகு இருட்டுப் பச்சை, வயிறு வெள்ளிக்கு மாறிக்கொண்டிருந்தது, கண்கள் முகத்துக்குப் பொருந்தாத அளவு பெரிது. கடலுக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்த பெண். அக்கா கையுறை மாட்டிக்கொண்டார். விலாங்கின் ரத்தம் கண்ணில் பட்டால் எரித்துவிடும், சமைத்தால் ஒன்றுமில்லை. புழுவைப் பற்றி அந்தப் பெரியவரும் கேட்டார். அது மனிதனுக்கு வராது என்று அக்கா ஹங்கேரி மொழியில் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

நல்ல விலாங்கின் காற்றுப்பை எப்படி இருக்கும் என்று அக்கா முன்பே படம் காட்டியிருந்தார். கண்ணாடித் தாள்போல் மெல்லியது, அடியில் வைத்த எழுத்தைப் படிக்கலாம். இது அப்படி இல்லை. ஊறிய தோல்போல் தடித்து, மஞ்சளாக, தழும்பு தழும்பாகச் சுருங்கியிருந்தது. கத்தரி போட்டபோது சத்தம் கேட்டது. உள்ளே காற்று இருக்க வேண்டிய இடத்தில் பழுப்பு நிறச் சேறு. அதற்கு நடுவில் மெல்ல அசைந்துகொண்டு, காபிக்கொட்டை நிறத்தில், ரத்தம் குடித்து உப்பியவை. ஏழு. பெரியது என் சுண்டுவிரலின் பாதி நீளம் இருந்தது. ஒரு வாரமாகப் புழு பார்த்துப் பழகியவன்தான். ஆனாலும் அவை அசைந்தபோது ஒரு அடி பின்னால் போய்விட்டேன்.

"ஏழுதான். ஆனா சுவரைப் பாரு. எத்தனையோ தடவை வந்து போயிருக்கு" என்றார் அக்கா. சுவரில் கல்போல் இறுகிய புள்ளிகள், செத்துப்போன குஞ்சுகளைச் சுற்றி உடம்பு கட்டிய சமாதிகள்.

இந்தப் பை இதற்கு ஏன் வேண்டும் என்பதை யோசித்தேன். சர்காசோவுக்குப் போகும் விலாங்கு இரவில் சில நூறு மீட்டர் ஆழத்தில் நீந்தும், விடிந்ததும் இன்னும் பல நூறு மீட்டர் கீழே இறங்கும், மாலையில் மறுபடி ஏறும். பல மாதம், தினமும். அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஈடுகொடுப்பது இந்தப் பைதான். மூன்று மீட்டர் ஆழ ஏரியில் கெட்டுப்போன பையோடு காலம் தள்ளிவிடலாம். கடலில் முடியாது. ஐரோப்பிய விலாங்கை 2008-இல் அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அணை, மின்நிலையம், பிடிப்பு, மாசு என்று காரணங்கள் வரிசையாக இருக்கின்றன. புழுவும் அந்த வரிசையில் நிற்கிறது.

பெரியவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். அக்கா மொழிபெயர்த்தார்: "கடைசியா குஞ்சு விட்டது 1991. அப்படிப் பார்த்தா இதுக்கு முப்பது வயசுக்கு மேல. அந்தச் சாவு வருஷத்தையும் பார்த்திருக்கும்னு சொல்றார்." விலாங்கு அத்தனை வருடம் வாழக்கூடியதுதான். அதற்கு மேல் சமையலறைக்குள் கொண்டுபோக அவர் அவசரப்பட்டார்.

நோட்டைத் திறந்தேன். ஆங்குவில்லா ஆங்குவில்லா, 94, எடை, ஃபோன்யோட். அப்புறம் அந்தக் குறுகிய கட்டம்.

"அக்கா, இது சொந்தமா, வந்ததா?"

அவர் புழுக்களை ஒவ்வொன்றாகக் குப்பிக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். ஐரோப்பாவின் சொந்த மீன். டான்யூப் வழியாகக் கருங்கடல் பக்கம் அது அரிதாகவே வரும். இந்த ஏரிக்கு லாரியில் வந்தது. புழு ஆசியாவிலிருந்து. ஊருக்குச் சொந்தமில்லாத மீனை ஊருக்குச் சொந்தமில்லாத புழு தின்றது.

"வந்ததுன்னு எப்படிடா போடுறது? அது எங்கே வந்துச்சு?" என்று பேனாவை வாங்கி, கட்டத்துக்குள் "வி" என்று எழுதினார். விடப்பட்டது. அப்புறம் பக்கங்களைப் பின்னால் புரட்டி, நேற்றைய புல்கெண்டை வரியில் இருந்த "வ"-வையும் அடித்து "வி" ஆக்கினார். சூடோரஸ்போராவிடம் ஒரு நொடி நின்றார். "இது தெரியாம வந்துச்சு. இருக்கட்டும்."

நாள் 7: திரும்பும் ரயில்

ஷியோஃபோக்கில் ரயில் இரண்டு நிமிடம் நின்றது. மதகு நிலையத்திலிருந்து தெரியவில்லை.

அக்கா மடிக்கணினியில் வாரத்துக் கணக்கை ஏற்றிக்கொண்டிருந்தார், நான் நோட்டைப் படித்துச் சொன்னேன். உளுவை, வ. பிரீம், சொ. விலாங்கில் வந்து நின்றோம். அந்தக் கட்டத்தைத் தொட்டால் இரண்டே தெரிவுகள்தான் விழுகின்றன, மூன்றாவதைத் தட்டச்சு செய்ய அது விடவில்லை. இரண்டு தடவை முயன்றார். பிறகு காலியாக விட்டுவிட்டு, "அடுத்தது சொல்லு" என்றார்.